முகவரும் முகமும்: ‘என் இனிய இயந்திரா’வில் தேடும் பெண்

சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ 1980களின் நடுப்பகுதியில் ஆனந்த விகடன் இதழில் தொடராக வெளிவந்து, பின்னர் நூலாக்கம் பெற்றுத் தூர்தர்ஷன் தொடராகவும் ஒளிபரப்பாயிற்று. அதன் தொடர்ச்சியாக ‘மீண்டும் ஜீனோ’ எழுதப்பட்டது. தமிழில் அறிவியல் புனைகதை என்னும் வகைமையைப் பற்றிப் பேசுவோர் இவ்விரு புதினங்களையும் சுட்டாமல் செல்வதில்லை. ஆயினும் சுட்டப்படும் முறை பெரும்பாலும் ஒன்றாகவே உள்ளது. ஆசிரியர் எவற்றையெல்லாம் முன்கூட்டியே கணித்தார் என்னும் பட்டியலே அது. குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் எண், வீட்டுக்குள் பேசும் திரை, வளர்ப்பு விலங்காக ஓர் இயந்திர நாய் என அப்பட்டியல் நீளும். சோனி நிறுவனத்தின் ‘ஐபோ’ என்னும் இயந்திர நாய் 1999இல் விற்பனைக்கு வந்தது. ஆதார் எண் 2010இல் வழங்கப்படத் தொடங்கியது. இவற்றை நினைக்கும் வாசகர் சுஜாதாவை வியப்பது இயல்பே.

கதை நிகழும் காலமாக அமைந்த 2020களின் தொடக்கம் இப்போது கடந்துவிட்டது. எதிர்காலம் இறந்தகாலமாகிவிட்ட நிலையில், கணிப்புகளைச் சரிபார்க்கும் வாசிப்பினால் இனிப் பெரும்பயன் இல்லை. சோதிடரை அளக்கும் கோலால் புனைகதை ஆசிரியரை அளப்பது அவருக்குப் பெருமை சேர்ப்பதும் அன்று. அவ்வாறு அளந்ததனால் கேட்கப்படாமல் போன வினா ஒன்று உண்டு. இப்புதினத்தின் தலைமை மாந்தர் நிலா என்னும் பெண். கணவனைத் தேடிப் புறப்பட்டு, கண்காணிப்புகளைக் கடந்து, நாட்டின் சர்வாதிகாரிக்கு எதிரான முயற்சியில் இறங்கி, இறுதியில் அரசியாகவே ஆகிறவள் அவள். தமிழ் வெகுசன எழுத்தில் எதிர்காலத்தின் சாகசத் தலைவி என்று ஒருத்தியைச் சுட்டவேண்டுமாயின் அவளையே சுட்டவேண்டும். அச்சாகசத்தில் அவளுக்கு உரியது எவ்வளவு, அவளுக்காகப் பிறர் செய்தது எவ்வளவு என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

இருத்தலும் தேடலும்

புதினத்தின் தொடக்கச் சூழல் எளிமையானது. ஜீவா என்னும் தலைவனின் ஆட்சியில் குழந்தை பெறுவதற்கும் அரசின் இசைவு வேண்டும். நிலாவுக்கும் அவள் கணவன் சிபிக்கும் அவ்விசைவு கிடைக்கிறது. அதன் தொடர்பாக வெளியே சென்ற சிபி திரும்பவில்லை. அரசின் ஒதுக்கீட்டின்படி ரவி என்னும் இளைஞன் தன் இயந்திர நாய் ஜீனோவுடன் அவள் வீட்டில் தங்க வருகிறான். கணவன் என்ன ஆனான் என்று கேட்டால் எந்த அலுவலகமும் விடை தரவில்லை. நிலா காத்திருப்பதை விட்டுவிட்டுத் தேடத் தொடங்குகிறாள்.

நெருக்கடிநிலைக் காலமான 1975-77இல் நடந்த கட்டாயக் கருத்தடைகள் அப்போதைய வாசகர் நினைவிலிருந்து மறைந்திருக்க இயலாது. சீனத்தின் ஒற்றைக் குழந்தைக் கொள்கையும் அக்காலத்தில் நடைமுறையில் இருந்தது. பெண்ணின் கருப்பையை அரசின் கோப்பாக மாற்றிக் கதையைத் தொடங்கியது துணிவான தொடக்கமே. ஆனால் கதை விரைவு கொள்ளும்போது மகப்பேறு பற்றிய இச்செய்தி பின்னணிக்குச் சென்றுவிடுகிறது. வாரத் தொடரின் வேகம் அதனை விழுங்கிவிட்டது எனலாம்.

அக இலக்கணம் அறிந்தவர்க்கு இத்தொடக்கம் பழகிய ஒன்று. பிரிதல் ஆடவனுக்கும் இருத்தல் பெண்ணுக்கும் உரியவை. பொருளுக்காகவோ வினைக்காகவோ பிரிந்து செல்பவன் தலைவன். மாலைப்பொழுதில் அவன் வரவு பார்த்து ஆற்றியிருப்பவள் தலைவி. கடல்வழிப் பயணம் பெண்ணொடு கூடியதன்று எனத் தொல்காப்பியர் விதிக்கிறார். பெண்ணுக்கு அனுமதிக்கப்பட்ட நெடும்பயணம் உடன்போக்கு ஒன்றே. அதிலும் முன்னே செல்பவன் ஆடவன்.

ஆயினும் இவ்விதிக்குப் புறத்தே நின்ற பெண்களையும் தமிழ் மரபு மறக்கவில்லை. காவிரி கொண்டுபோன ஆட்டனத்தியைத் தேடி அலைந்த ஆதிமந்தியை அகநானூற்றுப் பாடல்கள் திரும்பத் திரும்ப நினைவுகூர்கின்றன. அவள் பெயரால் அமைந்த குறுந்தொகைப் பாடல், வீரர் கூடும் விழாவிலும் மகளிர் ஆடும் களத்திலும் அவனைத் தேடியும் காணாத துயரைச் சொல்கிறது. வெள்ளிவீதியைப் போல் தானும் தேடிச் செல்ல எண்ணும் தலைவியை ஔவையார் அகநானூற்றில் படைக்கிறார். தேடும் பெண் தமிழுக்குப் புதியவள் அல்லள், அவள் அரியவள். நிலாவை மேலைநாட்டுச் சாகசத் தலைவியரின் நகல் என்று கூறிவிடுவது எளிது. ஆனால் அவளது முதல் அடி ஆதிமந்தியின் அடிச்சுவட்டில் வைக்கப்பட்டது.

மேலைநாட்டு எதிர்மறைக் கற்பனை நாட்டுப் புதினங்களோடு ஒப்பிட்டால் இவ்வேறுபாடு மேலும் தெளிவாகும். ஜாமியாத்தினின் ‘நாம்’ புதினத்தில் டி-503 என்னும் கணித அறிஞனைக் கிளர்ச்சியின் பக்கம் ஈர்ப்பவள் ஐ-330 என்னும் பெண். 1949இல் வெளிவந்த ஆர்வெல்லின் ‘1984’இல் வின்ஸ்டனுக்கு அப்பங்கை ஆற்றுபவள் ஜூலியா. இரண்டிலும் விழித்தெழும் மனம் ஆணினுடையது. பெண் அவனை விழிக்கச் செய்யும் கருவி. சுஜாதா இவ்வமைப்பைத் தலைகீழாக்குகிறார். காணாமற் போகிறவன் ஆண். ஆட்சியின் பொய்யைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்டுகொள்ளும் மனம் நிலாவினுடையது. கதைக்கட்டமைப்பின் அளவில் இது சிறிய செயலன்று. மனைவியின் பெயரையே புனைபெயராகக் கொண்ட எழுத்தாளர், தம் எதிர்காலக் கதையின் மையத்தில் ஒரு பெண்ணை வைத்தார் என்பது தற்செயலாகவும் இருக்கலாம், ஆயினும் குறிக்கத்தக்கது.

இரண்டெழுத்து நாடு

ஜீவாவின் நாட்டில் பெயர்கள் இரண்டு எழுத்துகளைத் தாண்டுவதில்லை. நிலா, சிபி, ரவி, மனோ, ஜீவா, ஜீனோ என எல்லாரும் இரண்டெழுத்தினரே. தந்தை பெயர், ஊர்ப்பெயர், சாதிப்பெயர் ஆகியவற்றைத் தாங்க இடமில்லாத பெயர்கள் இவை. சமத்துவம் என்னும் பெயரால் வரலாறு துடைக்கப்படுவதை இவ்வளவு சிக்கனமாகச் சொன்ன உத்தி தமிழ்ப் புனைகதையில் மிகக் குறைவு.

ஜாமியாத்தினின் நாட்டிலும் பெயர்கள் இல்லை. எழுத்தும் எண்ணும் மட்டுமே உண்டு. ஆனால் அங்கே ஆடவர்க்கு மெய்யெழுத்தும் ஒற்றையெண்ணும், பெண்டிர்க்கு உயிரெழுத்தும் இரட்டையெண்ணும் வழங்கப்படுகின்றன. பெயரைப் பறித்த அரசு பால்வேறுபாட்டைப் பறிக்கவில்லை. சுஜாதாவின் நாட்டிலோ பெயர்களில் பாலும் தெளிவாக நிற்பதில்லை. நாய்க்கும் மனிதருக்கும் இடையே வேறுபாடும் இல்லை. குடிமகளும் வளர்ப்பு நாயும் ஒரே இலக்கணத்திற்கு உட்படுகின்றனர்.

இப்பெயர்களை அசைபிரித்துப் பார்த்தால் ஒரு செய்தி கிடைக்கிறது. நிலா, சிபி, ரவி, மனோ ஆகிய நான்கும் தனித்தனியே ஒரு நிரையசை. ஜீவாவும் ஜீனோவும் மட்டும் நேர்நேர் என ஈரசை கொண்டவை. இரண்டும் ‘ஜீ’ என்னும் நெடிலில் தொடங்குகின்றன. ஆசிரியர் திட்டமிட்டே செய்தார் என்று வற்புறுத்த வேண்டியதில்லை. செவிக்கு அவ்வாறு அமைந்துள்ளது என்பதே போதும். மனிதர்கள் குறுகி ஒலிக்க, ஆள்பவனும் நாயும் நீண்டு ஒலிக்கின்றனர். இவ்விருவரே கதையில் செயற்கைப் படைப்புகள் என்பது பின்னர்த் தெரியவருகிறது. உயிர் என்று பொருள்படும் பெயரைத் தாங்கிய ஜீவாவுக்கு உயிர் இல்லை. இயந்திரம் என்று எல்லாரும் அறிந்த ஜீனோவோ நூல்களைப் படிக்கிறது, நகையாடுகிறது, நிலாவின்பால் பரிவு கொள்கிறது. இவ்வெதிர்நிலையே புதினத்தின் உள்ளீடு.

உயிரற்ற அரசன்

ஜீவா என்று மக்கள் வணங்கும் தலைவன், ஹோலோகிராம் எனப்படும் முப்பரிமாண ஒளியுருவே என்பது கதையின் பெருந்திருப்பம். துப்பறியும் கதையின் இறுதி வியப்பாக மட்டும் இதனைக் கொள்வோர் உளர். தேடும் பெண்ணின் மரபில் வைத்து நோக்கினால் இத்திருப்பத்தின் கனம் வேறு.

கணவனுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டு அரண்மனை வாயிலுக்குச் சென்ற பெண் என்றவுடன் தமிழ் வாசகர்க்கு நினைவுக்கு வருபவள் கண்ணகி. நிலாவின் கதை அவ்வழியில்தான் செல்கிறது. குற்றம் அறியாத கணவன், விடை சொல்லாத அதிகாரம், அரசனுக்கு நேர்நிற்கும் எளிய குடிமகள் என்னும் மூன்றும் இங்கும் உண்டு. ஆனால் இளங்கோவடிகளின் பாண்டியன் உடலும் நாணமும் கொண்ட மனிதன். சிலம்பு உடைந்து பரல் சிதறியவுடன் தன் பிழையை உணர்கிறான். உணர்ந்தவுடன் அரியணையிலிருந்து வீழ்ந்து இறக்கிறான். அரசியலில் தவறியவர்க்கு அறமே கூற்றுவனாகும் என்னும் காப்பியக் கொள்கை, தவறுகிறவனுக்கு உயிர் உண்டு என்னும் நம்பிக்கையின் மேல் எழுந்தது. உயிர் இருந்தால்தானே கூற்றுவன் வருவான்?

ஜீவாவுக்கு உயிரில்லை. ஆகவே அவன் நாணமாட்டான், பிழை உணரமாட்டான், இறக்கவும் மாட்டான். அவன்முன் சிலம்பை உடைப்பதனால் ஆவது ஒன்றுமில்லை. கண்ணகியின் சினத்திற்கு இலக்கு இருந்தது. நிலாவின் சினம் ஒளியை ஊடுருவி மறுபக்கம் சென்றுவிடுகிறது. அதிகாரம் மனித உருவிலிருந்து விடுபட்டுக் கருவியின் உருக்கொள்ளும்போது பழைய அறச்சீற்றம் செயலற்றுப் போகும் என்பதைச் சுஜாதா நுண்ணிதின் உணர்ந்திருக்கிறார். மின்னணுப் பொறியாளராகப் பணியாற்றி, வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்காற்றிய ஒருவர்க்கு அவ்வுணர்வு தொழில்வழி வந்திருக்கலாம். எதிர்காலத்தைக் கணித்தார் என்ற புகழைவிட இதற்கே அவர் மிகுதியும் உரியவர்.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. உயிரற்ற அரசனை வீழ்த்த வேண்டுமாயின் அவன் எவ்வாறு இயங்குகிறான் என்று அறிந்திருக்க வேண்டும். கற்போ துணிவோ போதா, அறிவு வேண்டும். அவ்வறிவு யாரிடம் வைக்கப்பட்டுள்ளது என்பதே நிலாவின் தலைமையை முடிவுசெய்யும் வினா.

நாயின் அறிவு

விடை எல்லாரும் அறிந்ததே. அறிவு ஜீனோவிடம் உள்ளது. பூட்டைத் திறப்பதும், வழியைக் கண்டறிவதும், கணிப்பொறியோடு உரையாடுவதும், ஆபத்தை முன்னுணர்வதும் அதன் பணிகள். வாரந்தோறும் ஒரு நெருக்கடியில் நிறுத்தி மறுவாரம் விடுவிக்க வேண்டிய தொடர்கதைக்கு இத்தகைய துணை பெரும்வசதி. எந்த முடிச்சையும் அவிழ்க்கவல்ல, நகைச்சுவையும் நிறைந்த ஒரு பாத்திரம் கிடைத்தபின் தலைவிக்குச் சிந்திக்கும் வேலை குறைகிறது. நிலா அஞ்சுகிறாள், நம்புகிறாள், நடக்கிறாள், துணிந்து நுழைகிறாள், ஜீனோ எண்ணுகிறது.

ஜீனோ இயல்பாகவே வாசகரின் அன்பைக் கவர்ந்துகொண்டது. தொடர்ச்சிப் புதினத்தின் தலைப்பில் மீண்டும் வருவது நிலா அன்று, ஜீனோ. முதற் புதினத்தின் தலைப்புமே இயந்திரத்தை நோக்கிய விளிதான். விளிப்பவளாக நிலா அதில் மறைந்து நிற்கிறாள். பெயர் பெறுவது விளிக்கப்படும் பொருள். மனிதனுக்குத் தீங்கு செய்யலாகாது, மனிதன் சொற்படி நடக்க வேண்டும், பின்னரே தன்னைக் காக்க வேண்டும் என இயந்திர மனிதனுக்கு அசிமோவ் 1942இல் வகுத்த விதிகள் புகழ்பெற்றவை. ஜீனோவைக் கட்டுப்படுத்துவன விதிகளைவிட அதன் படிப்பும் பரிவுமே. தமிழ்ப் புனைகதையில் தானே வளரும் மனம் கொண்ட அரிய பாத்திரங்களுள் ஜீனோவும் ஒன்று என்பதில் ஐயமில்லை. அவ்வளர்ச்சிக்கான செலவு நிலாவின் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டது என்பதே இங்குச் சுட்டத்தக்கது.

அறிவியல் அறிந்த பெண்ணை 1980களில் கற்பனை செய்ய இயலாது என்று இதற்கு அமைதி கூறுவாரும் இருக்கலாம். அது பொருந்தாது. வங்கத்தின் ரொக்கேயா சகாவத் ஹுசைன் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ 1905இல் வெளிவந்த ஆங்கிலச் சிறுகதை. அதில் பெண்கள் பல்கலைக்கழகம் நடத்துகின்றனர். மழைநீரை வானிலிருந்தே பெறுகின்றனர். ஞாயிற்றின் வெப்பத்தைத் திரட்டிப் பகைப்படையைத் துரத்துகின்றனர். ஆடவர் வீட்டுக்குள் அடைபட்டிருக்கின்றனர். போரை வென்றவள் படைத்தலைவி அல்லள், பல்கலைக்கழகத்தின் தலைவி. அக்கதையை வெளியிட்டது சென்னையிலிருந்து வந்த ஒரு மகளிர் இதழ். நிலாவுக்கு எண்பது ஆண்டுகள் முன்னரே, அதே நகரின் அச்சகத்தில், கருவியின் நுட்பம் பெண்ணின் கையில் கொடுக்கப்பட்டிருந்தது.

எனினும் சுஜாதாவை இத்துடன் தீர்ப்பிட்டு ஒதுக்குவது நேர்மையாகாது. முதற் புதினத்தின் முடிவையும் ‘மீண்டும் ஜீனோ’வையும் சேர்த்துப் படித்தால், ஆசிரியரே இக்குறையை அறிந்திருந்தார் என்று கருத இடமுண்டு. கிளர்ச்சியாளராக அறிமுகமாகும் ரவியும் மனோவும் ஆட்சியைத் தம் வசப்படுத்தி, நிலாவை அரசியாக முன்னிறுத்துகின்றனர். அவள் உண்மையில் ஆள்வதில்லை. அவர்கள் எழுதிக் கொடுப்பதை மக்கள் முன் பேசுகிறாள். ஒளியுருவாக இருந்த ஜீவாவின் இடத்தில் இப்போது உடலுள்ள ஓர் உரு நிற்கிறது. மாறியது உருவம் மட்டுமே.

பிறர் பொருட்டுச் செயல்படுபவரைத் தமிழ் ‘முகவர்’ என்கிறது. நிலா முதலிலிருந்தே ஒரு முகவர்தான். கணவனைத் தேடுவதாக எண்ணிக்கொண்டு, தான் அறியாமலேயே ரவி, மனோ ஆகியோரின் திட்டத்தை நிறைவேற்றியவள். அரசியான பின்னர் அவள் அவர்களின் முகமாகிறாள். ஒளியாலான முகத்தை விடப் பெண்ணின் முகம் நம்பகமானது என்பதே அவர்களது கணக்கு. அரியணையில் பெண்ணை அமர்த்துவதனாலேயே அதிகாரம் அவளிடம் வந்துவிடாது என்பதை 1980களின் இந்திய வாசகர்க்கு விளக்கத் தேவையில்லை. ஊராட்சிகளில் மூன்றில் ஒரு பங்கு இடத்தைப் பெண்களுக்கு ஒதுக்கிய 73ஆம் அரசியலமைப்புத் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தபின், கணவரின் கையெழுத்துக்காகக் காத்திருந்த தலைவியர் பற்றிய செய்திகள் பெருகின. நிலாவின் அரசு அச்செய்திகளுக்கு முந்தியது.

இவ்வகையில் ‘மீண்டும் ஜீனோ’ முதற் புதினத்தின் மேல் எழுதப்பட்ட ஒரு விமரிசனமாகிறது. நிலா தன் நிலையை உணர்கிறாள். அதிலிருந்து விடுபட விழைகிறாள். இங்கும் விடுபடும் வழியைத் தேடித் தரும் பொறுப்பு நாய்க்கே செல்கிறது என்பதுதான் வருந்தத்தக்கது. நோயை அறிந்த மருத்துவர் பழைய மருந்தையே மீண்டும் எழுதிக் கொடுத்தார் போலும்.

இணைப் பெயர்களில் இரண்டாம் இடம்

அக்காலச் சாகச எழுத்தில் நிலா நின்ற சூழலையும் கருத வேண்டும். பாக்கெட் நாவல்கள் பெருகிய காலம் அது. பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்-சுசீலா, சுபாவின் நரேந்திரன்-வைஜயந்தி, ராஜேஷ்குமாரின் விவேக்-ரூபலா என இணைகள் புகழ்பெற்றிருந்தன. எல்லா இணைகளிலும் ஆணின் பெயரே முன்னிற்கிறது. சுசீலாவும் வைஜயந்தியும் துப்பறியும் நிறுவனத்தில் பணிபுரிபவர். துணிவும் நாவன்மையும் உடையவர். ஆயினும் முடிச்சை அவிழ்க்கும் இறுதி உரை பெரும்பாலும் அவர்களுக்கு வாய்ப்பதில்லை. அவர்களது உடையும் தோற்றமும் வருணிக்கப்படும் அளவு அவர்களது ஊகங்கள் வருணிக்கப்படுவதில்லை. சுஜாதாவின் பெண் பாத்திரங்களைப் பற்றியும் இக்குறை சொல்லப்பட்டதுண்டு; நிலாவும் அதற்கு முழுவிலக்கல்லள்.

இவ்வரிசைக்கு மாறாக வந்தவள் அயல்நாட்டுப் பெண் ஒருத்தி. பீட்டர் ஓடானல் எழுத்திலும் ஜிம் ஹோல்டவே ஓவியத்திலும் 1963இல் லண்டன் நாளிதழில் தோன்றிய மாடஸ்டி பிளைசி, 1984இல் சிவகாசியிலிருந்து வெளிவந்த லயன் காமிக்ஸின் முதல் இதழிலேயே தமிழ் பேசினாள். அங்கே திட்டமிடுபவள் அவள். அவளை இளவரசி என்று அழைத்துப் பின்தொடர்பவன் கார்வின் என்னும் ஆண். சிறுவர் படக்கதை என்று கருதி எந்த ஆய்வாளரும் திரும்பிப் பாராத அவ்விதழில், தலைவியும் துணைவனும் இடம்மாறி நிற்பதைத் தமிழ்ச் சிறார் எவ்விதக் குழப்பமுமின்றி ஏற்றுக்கொண்டனர். வாசகர் ஏற்கமாட்டார் என்னும் அச்சத்திற்கு அடிப்படை இருந்ததாகத் தோன்றவில்லை.

குர்லாவில் வண்டி மாறுதல்

லயன் காமிக்ஸின் முதல் இதழ் வந்த அதே 1984இல், சி.எஸ். லட்சுமி தமிழ் இலக்கியத்தில் பெண்கள் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வு நூல் வெளிவந்தது. முகமூடிக்குப் பின்னாலிருக்கும் முகம் என்பது அதன் தலைப்பின் பொருள். பெண்ணுக்குத் தமிழ் எழுத்து அணிவித்த முகங்களை ஆராய்ந்த அவர், அம்பை என்னும் பெயரில் புனைகதை எழுதுபவர்; மும்பையில் வாழ்பவர்; பெண்கள் வரலாற்று ஆவணக் காப்பகமான ஸ்பாரோவை 1988இல் நிறுவியவர். அந்நூல் வெளிவந்து முப்பது ஆண்டுகள் கழித்து, 2014இல், காலச்சுவடு வெளியீடாக வந்தது ‘அந்தேரி மேம்பாலத்தில் ஒரு சந்திப்பு’. அதிலுள்ள மூன்று நெடுங்கதைகளின் தலைவி சுதா குப்தா, மும்பையில் தொழில் நடத்தும் தனியார் துப்பறிவாளர்.

அறிவியல் புனைகதையோடு இதனை ஒப்பிடுவது பொருந்துமா என்னும் ஐயம் எழலாம். வகைமை வேறு, காலம் நிகழ்காலம். ஆனால் மேலே எழுப்பிய வினா அறிவு யாரிடம் உள்ளது என்பது. அவ்வினாவுக்குத் தமிழில் கிடைத்த மாற்று விடை இக்கதைகளிலேயே உள்ளது. சுதா குப்தாவுக்கு இணைப் பெயர் இல்லை. கணவன் உண்டு, மகள் உண்டு, வீட்டுப்பணியில் உதவும் பெண் உண்டு, காவல்துறையில் நண்பர் உண்டு. எவரும் அவளுக்காக எண்ணிக் கொடுப்பவர் அல்லர். வீட்டை நடத்தும் கவனமே அவளுக்குத் துப்பறியும் கவனமாகவும் அமைகிறது. மேம்பாலத்தில் அமர்ந்திருக்கும் முதிய பெண்ணைக் கடந்துசெல்லும் கூட்டத்தில் ஒருத்தியாக அன்றி, நின்று பேசுபவளாக அவள் இருப்பதிலேயே வழக்கு தொடங்கிவிடுகிறது.

இத்தகைய அறிவு மும்பை நகரத்தில் பிறந்தது. செம்பூரில் வாழும் தமிழ்ப்பெண் ஒருத்தி மாட்டுங்காவுக்குச் செல்ல வேண்டுமாயின் துறைமுக வழித்தடத்தில் ஏறிக் குர்லாவில் இறங்கி, மேம்பாலம் கடந்து, மத்திய வழித்தட வண்டிக்கு மாற வேண்டும். எந்த நடைமேடையில் எந்த வண்டி வரும், மகளிர் பெட்டி எங்கே நிற்கும், கூட்ட நேரத்தில் எந்தப் பக்கமாக இறங்க வேண்டும் என்பன எந்த நூலிலும் கற்பிக்கப்படுவதில்லை. தாராவியிலும் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பெண்கள் மராத்தியும் இந்தியும் பேசிப் பழகி இவ்வறிவைத் தாமே ஈட்டிக்கொண்டனர். கோயம்புத்தூர்ப் பகுதியில் ‘குர்லா எக்ஸ்பிரஸ்’ என்றே பெயர்பெற்ற வண்டியில் வந்திறங்கும் புதியவர்க்கு வழிகாட்டுபவர்களும் பல வீடுகளில் அவர்களே. சுதா குப்தா கற்பனைப் பாத்திரம். ஆனால் அவளது திறன் இப்பெண்கள் நாள்தோறும் கையாளும் திறனின் நீட்சி. நிலாவின் நகரத்திலோ எண்ணும் திரையும் வழிசொல்கின்றன. அவற்றை மீறி வழி தேட வேண்டிய போது அவளுக்கென்று சேமித்த அறிவு ஏதும் இல்லை. எனவே நாய் தேவைப்படுகிறது.

அம்பையின் கதைகளில் குறை இல்லை என்பதன்று. குற்றத்தைக் கண்டறிவதைவிடக் குற்றத்துக்கு ஆளானவரோடு உரையாடுவதில் ஆசிரியர்க்கு ஆர்வம் மிகுதி. ஆதலால் துப்பறியும் கதைக்குரிய இறுக்கம் சில இடங்களில் தளர்கிறது. முடிவை வாசகர் முன்னரே ஊகித்துவிடுகிறார். சுஜாதாவின் ஒவ்வோர் அத்தியாயமும் அடுத்ததற்கு இழுத்துச் செல்லும் விசை அம்பையிடம் இல்லை. அவர் அதை நாடவும் இல்லை. வாரப் பத்திரிகையின் இலட்சக்கணக்கான வாசகரை எதிர்நோக்கி எழுதுவதும், சிறுபதிப்பு வாசகரை நோக்கி எழுதுவதும் ஒன்றல்ல. நிலாவை அறிந்தோர் தொகைக்கு முன் சுதா குப்தாவை அறிந்தோர் தொகை மிகச் சிறிது.

மற்றொன்றும் உண்டு. சுதா குப்தா எதிர்கொள்ளும் குற்றவாளிகள் உயிருள்ளவர்கள். முகத்தைப் பார்த்து வினவத்தக்கவர்கள். குடும்பத்தின் மதிப்புக்கு அஞ்சி வாய்மூடுபவர், வயதின் பெயரால் மன்னிப்பை எதிர்பார்ப்பவர் என அவர்களிடம் நாணம் இன்னும் எஞ்சியுள்ளது. கண்ணகியின் சிலம்பு அவர்கள் முன் உடையும். ஜீவாவைப் போன்ற ஒளியுருவின் முன் அவளை நிறுத்தினால் அவள் என்ன செய்வாள் என்பது எழுதப்படவில்லை. சுஜாதா 2008இல் மறைந்தார். மக்கள் நாள்தோறும் காணும் முகங்களுள் எது உண்மை, எது கணிப்பொறி புனைந்தது என்று பிரித்தறிய இயலாத காலம் அதன்பின் வந்துவிட்டது. நிலா சென்ற இடத்துக்குச் சுதா குப்தாவின் அறிவோடு செல்லும் ஒருத்தியைத் தமிழ்ப் புனைகதை இன்னும் எதிர்நோக்கியிருக்கிறது. ‘மீண்டும் ஜீனோ’ என்றது போல் ‘மீண்டும் நிலா’ என்று ஒரு புதினம் எவராலும் எழுதப்படவில்லை.